வாசகர் கேள்வி பதில்: மரத்துக்கு எண்ணெயும் மெழுகும்

மரச் சாமான்களுக்கான எண்ணெய்ப் பூச்சையும் மெழுகுப் பூச்சையும் வீட்டிலேயே தயாரிப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஐயத்தை வெவ்வேறு சொற்களில் எழுதியவர்களுக்குச் சேர்த்தே பதில் அளித்திருக்கிறேன்.

கேள்வி: மரத் தட்டு ஒன்றுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன். முதலில் பளபளப்பாக இருந்தது. இப்போது தூசி ஒட்டிக்கொள்கிறது. காறல் வாடையும் வருகிறது. நல்லெண்ணெய்க்கு மாறினால் சரியாகுமா?

பதில்: மாறினாலும் பெரிய பயன் இருக்காது. தண்ணீரும் ஸ்பிரிட்டும் ஆவியாகிக் காய்கின்றன. எண்ணெய் அப்படிக் காய்வதில்லை. மரத்தில் பூசிய எண்ணெய் காய்கிறது என்றால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி, தன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டு, திரவ நிலையிலிருந்து திடமான படலமாக மாறுகிறது என்று பொருள். காய்ந்த ஆளிவிதை எண்ணெய்ப் படலம், பூசியபோது இருந்த எண்ணெயைவிட எடை கூடியிருப்பதற்குக் காரணம் அது உள்வாங்கிய ஆக்சிஜன்தான். இந்த வேலையைச் செய்யும் திறன் எல்லா எண்ணெய்களுக்கும் இல்லை.

எண்ணெயின் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள், அதாவது ஆக்சிஜனோடு வினைபுரிய வழிவிடும் இடங்கள், எத்தனை உள்ளன என்பதைப் பொறுத்தே அத்திறன் அமைகிறது. அதை அளப்பதற்கு அயோடின் எண் என்ற கணக்கு உண்டு. 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்றுக்கொள்கிறது என்பதே அந்த எண். தேங்காய் எண்ணெய்க்கு அது சுமார் 10 தான். ஆலிவ் எண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் 80-ஐ ஒட்டியும், நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரையிலும் இருக்கும். வால்நட் எண்ணெய்க்கு 150-ஐ ஒட்டியும், டங் என்ற மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய்க்கு 160-க்கு மேலும், ஆளிவிதை எண்ணெய்க்குப் பெரும்பாலும் 170-க்கு மேலும் வரும். கடைசி மூன்றும் நன்றாகக் காய்ந்து இறுகும். நல்லெண்ணெய் போன்றவை பாதி காய்ந்து பிசுபிசுப்பாக நின்றுவிடும். தேங்காய் எண்ணெய் இறுகவே இறுகாது. மரத்தின் துளைகளில் ஈரமாகவே தங்கி, தூசியைச் சேர்த்துக்கொண்டு, மெல்லக் காறும்.

கையில் இருக்கும் எண்ணெய் எந்த வகை என்று தெரியாதவர்கள் ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டை விட்டு, விரலால் மிக மெல்லியதாகத் தேய்த்து, தூசி படாத வெளிச்சமான இடத்தில் வைத்துவிடலாம். நாளுக்கொரு முறை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தால், உலரும் எண்ணெய் முதலில் வழுக்கி, பிறகு விரலை லேசாகப் பிடித்து இழுத்து, கடைசியில் நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாகப் பெயரும் தோலாகிவிடும். இரண்டு வாரம் கழிந்தும் விரல் வழுக்கினால் அந்த எண்ணெயை மரத்தில் பூச வேண்டாம்.

உங்கள் தட்டை, பைன் மரப் பிசினிலிருந்து வடிக்கும் கரைப்பானான டர்பன்டைன் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து, பின்னர் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்கு உலர்ந்தபின் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பிறகு எந்த எண்ணெய் என்பதை முடிவு செய்யலாம்.

கேள்வி: உண்ணத்தகுந்தது, பச்சை, காய்ச்சியது என்று ஆளிவிதை எண்ணெய் மூன்று விதமாக விற்கிறது. பச்சை எண்ணெயை வாங்கி நானே அடுப்பில் காய்ச்சிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் என்று இன்று விற்கப்படுவது பெரும்பாலும் காய்ச்சப்பட்டதே இல்லை. பச்சை எண்ணெயில் கோபால்ட், மாங்கனீசு, சிர்கோனியம் போன்ற உலோகங்களின் உப்புகளைச் சிறிதளவு கலந்திருப்பார்கள். அவை ஆக்சிஜனேற்றத்தை முடுக்கிவிடுகின்றன. முற்காலத்தில் ஈயச் சேர்மங்களைப் போட்டுச் சூடாக்கினார்கள். பெயர் அந்தக் காலத்திலிருந்து தங்கிவிட்டது. அந்த உப்புகள் இல்லாமல் வெறும் எண்ணெயை அடுப்பில் கொதிக்க வைப்பதால் அது விரைந்து காயும் எண்ணெயாகிவிடாது. 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் எண்ணெயின் ஆவி தீப்பற்றும் நிலையை நெருங்கிவிடும் என்பதுதான் மிச்சம்.

பச்சை எண்ணெய் மெல்லியதாகப் பூசினாலும் காய்வதற்குச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை எடுக்கும். உலோக உப்பு சேர்த்தது பெரும்பாலும் ஒரு நாளில் காய்ந்துவிடும். உண்ணத்தகுந்த எண்ணெயும் அடிப்படையில் பச்சை எண்ணெய்தான். ஆனால் சில தயாரிப்பாளர்கள் காறாமல் இருப்பதற்காக வைட்டமின் ஈ சேர்க்கிறார்கள். நமக்கு வேண்டியது ஆக்சிஜனோடு எண்ணெய் சேருவது. அந்தச் சேர்க்கையைத் தடுப்பதே வைட்டமின் ஈயின் வேலை. ஆகவே குப்பியின் மேலுள்ள பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

விரைவும் வேண்டும், உலோக உப்பும் வேண்டாம் என்பவர்களுக்கு ஓவியர்கள் கையாண்ட பழைய வழி ஒன்று இருக்கிறது. அகலமான கண்ணாடித் தட்டில் ஒரு விரல் ஆழத்துக்கும் குறைவாகப் பச்சை எண்ணெயை ஊற்றி, காற்று புகுவதற்குச் சிறிது இடைவெளி விட்டு மேலே ஒரு கண்ணாடியை மூடி, வெயிலில் வைத்து, நாள்தோறும் ஒரு முறை கிளறிவிட வேண்டும். சில வாரங்களில் எண்ணெய் நிறம் வெளுத்துக் கெட்டிப்படும். ஆக்சிஜனை ஓரளவு முன்கூட்டியே வாங்கிக்கொண்ட எண்ணெய் அது. பூசியபின் சீக்கிரம் இறுகும், பளபளப்பும் கூடும். கெட்டியாக இருப்பதால் மரத்துக்குள் எளிதில் இறங்காது. டர்பன்டைன் சேர்த்து இளக்கித்தான் பூச வேண்டும்.

கேள்வி: டங் எண்ணெய் ஆளிவிதை எண்ணெயைவிட உயர்ந்ததா?

பதில்: தண்ணீரைத் தாங்குவதில் உயர்ந்தது, மஞ்சளாவதும் குறைவு. ஆனால் தடிப்பாகப் பூசினால் வெண்மையாக மங்கிச் சுருங்கிவிடும் என்பதால் பொறுமை அதிகம் வேண்டும். டங் எண்ணெய்ப் பூச்சு என்ற பெயரில் வரும் பல டப்பாக்களில் உண்மையான டங் எண்ணெய் மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருக்கும். இளக்கிய வார்னிஷே அந்தப் பெயரில் வருகிறது. தூய டங் எண்ணெய் என்று தெளிவாக எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: எண்ணெயும் தேன்மெழுகும் கலந்த பசையைத் தயாரிக்கும் முறையையும் அளவையும் விளக்கமாகச் சொல்ல வேண்டுகிறேன். நான் செய்தது ஒரு முறை கல்லாக இறுகியது. மறுமுறை மணல் மணலாக வந்தது.

பதில்: அளவை எப்போதும் எடையில் வைத்துக்கொள்ளுங்கள், கரண்டிக் கணக்கு சீவிய மெழுகுக்கு ஒத்துவராது. நான்கு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு என்றால் துணியால் எளிதில் அள்ளக்கூடிய பசை கிடைக்கும். ஆறுக்கு ஒன்று என்றால் குழைவாகவும், மூன்றுக்கு ஒன்று என்றால் இறுக்கமாகவும் வரும். இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் கிட்டத்தட்டக் கட்டியாகிவிடும். உங்களுக்குக் கல்லாக வந்தது இதனால்தான் இருக்கும். மேற்பரப்பு இன்னும் கடினமாக வேண்டும் என்பவர்கள் தேன்மெழுகில் கால் பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் கார்னாபா மெழுகைச் சேர்க்கலாம். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கப்படும் அந்த மெழுகு 82 முதல் 86 டிகிரியில்தான் உருகும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும். கார்னாபாவின் அளவு கூடிவிட்டால் பசையைத் தேய்த்து மெருகேற்றுவதற்குள் கை ஓய்ந்துவிடும்.

பாத்திரம் எவர்சில்வராகவோ கண்ணாடியாகவோ பழுதில்லாத எனாமலாகவோ இருக்கட்டும்; இரும்பிலும் செம்பிலும் பித்தளையிலும் உருக்கினால் தேன்மெழுகின் நிறம் கெட்டுவிடும். மெழுகைச் சீவி எண்ணெயோடு சேர்த்து அந்தப் பாத்திரத்தில் போட்டு, அதைத் தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து மிதமாகச் சூடாக்குங்கள். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது என்பதால் மெழுகும் அந்த எல்லையைத் தாண்டாது. நேரடியாக அடுப்பில் வைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். 85 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைத்தால் தேன்மெழுகு கறுக்கத் தொடங்கும். ஆகவே கார்னாபா சேர்ப்பவர்கள் அதை முதலில் எண்ணெயில் உருக்கிவிட்டு, சூடு சற்றுத் தணிந்தபின் தேன்மெழுகைப் போடுவது நல்லது. அடுப்பை விட்டு நகராதீர்கள். தற்செயலாக உருகிய மெழுகு தீப்பிடித்தால் மூடியைக் கவிழ்த்து அடுப்பை அணைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் எரியும் மெழுகு நாலாபுறமும் தெறிக்கும்.

முழுவதும் உருகியதும் ஊற்றிவிடாமல் ஒரு சோதனை செய்யுங்கள். கரண்டியில் ஒரு சொட்டை எடுத்துக் குளிர்ந்த தட்டில் விட்டால் ஒரு நிமிடத்தில் மங்கலாகி உறைந்துவிடும். அதைப் பெருவிரலால் தேய்த்துப் பாருங்கள். விரல் சூட்டில் இளகி வழிந்தோடினால் மெழுகு போதாது. விரலுக்கடியில் தூளாக உதிர்ந்தால் எண்ணெய் போதாது. இந்த நிலையில் எதைச் சேர்ப்பதும் எளிது. உறைந்தபின் மீண்டும் உருக்க வேண்டியிருக்கும்.

மணல் மணலாக வருவதற்குக் காரணம் ஆறும் விதம். கலவையைச் சும்மா வைத்துவிட்டால் பாத்திரத்தின் ஓரத்தில் முதலில் வெளிறிய வளையம் ஒன்று தோன்றும். அங்கே உறைந்த மெழுகு பெரிய படிகங்களாகத் திரண்டு, பின்னர் நடுவில் உள்ளதோடு கலக்காமல் தனித்தனியாக நிற்கும். அந்த வளையம் கண்ணில் பட்டவுடனேயே மரக் கரண்டியால் ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டிக் கிளறத் தொடங்கி, கலவை முழுவதும் மங்கிக் கெட்டிப்படும் வரை நிறுத்தாமல் கிளறினால் வழுவழுப்பான பசை கிடைக்கும். ஊற்றுவதற்கு முன் பாத்திரத்தின் அடியைத் துடைத்துவிடுங்கள். வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் தண்ணீர் ஒரு சொட்டு ஜாடிக்குள் விழுந்தாலும் அது அடியில் தங்கிவிடும். முழுவதும் ஆறிய பிறகே மூடி போட வேண்டும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எண்ணெயோடு மெழுகைக் கலப்பதால் எண்ணெய் வேகமாகக் காய்வதில்லை. மெழுகு காற்றைத் தடுப்பதால் தாமதமாகவே காயும். நாற்காலிக் கைப்பிடி, கருவிகளின் பிடி, ஏற்கெனவே எண்ணெய் ஏறிய சாமான்களுக்கு அவ்வப்போது போடும் பராமரிப்புப் பூச்சு ஆகியவற்றுக்கு இந்தப் பசை மிகப் பொருத்தம். தினமும் புழங்கும் மேசைப் பரப்புக்கு எண்ணெயை மட்டும் பூசி, அது முற்றிலும் இறுகிய பிறகு மெழுகைத் தனியாகப் போடுவதே என் பரிந்துரை. அப்படிப் போட்டாலும் சூடான கோப்பையை நேரடியாக வைத்தால் தடம் விழும். 64 டிகிரியில் உருகும் பொருளிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: டர்பன்டைன் கட்டாயமா? அதன் நெடி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

பதில்: கட்டாயமில்லை. எண்ணெயும் மெழுகும் கலந்த பசைக்கு அது தேவையே இல்லை. எண்ணெய் இல்லாத வெறும் மெழுகுப் பாலீஷுக்குத்தான் கரைப்பான் வேண்டும். ஒரு பங்கு தேன்மெழுகுக்கு எடையில் இரண்டு முதல் மூன்று பங்கு டர்பன்டைன் என்பது வழக்கமான அளவு. அதற்கும் அடுப்பு வேண்டியதில்லை. மெழுகை மெல்லியதாகச் சீவிக் கண்ணாடி ஜாடியில் போட்டு, டர்பன்டைனை ஊற்றி, மூடி வைத்துவிட்டு, அவ்வப்போது குலுக்கிவந்தால் ஓரிரு நாளில் தானாகவே குழைந்துவிடும். டர்பன்டைனின் ஆவி 35 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே தீப்பற்றக்கூடியது. அது காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள சுடரைக்கூடத் தொட்டுவிடும். ஆகவே அடுப்பெரியும் அறையில் அதன் மூடியைத் திறக்கவே கூடாது. கார்னாபா சேர்ப்பவர்கள் மெழுகை உருக்கிய பாத்திரத்தை வெளியே எடுத்துச் சென்று, கலவை கெட்டிப்படத் தொடங்கும் வரை ஆறவிட்டு, அதன் பிறகு டர்பன்டைனைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

பழைய டர்பன்டைனைப் பயன்படுத்தாதீர்கள். அதுவும் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையும். அப்படி மாறியது தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவதோடு பூச்சையும் பிசுபிசுப்பாக்கும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கறையில்லாமல் ஆவியானால் நல்லது, எண்ணெய்த் தடம் நின்றால் கெட்டது. ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீனை மாற்றாகப் பயன்படுத்துவோர் உண்டு. மணம் இனிமையானதுதான். அதுவும் பழசானால் அதே ஒவ்வாமையைத் தரும், தீப்பற்றவும் செய்யும்.

கேள்வி: எண்ணெய் பாதி டப்பா தீர்ந்தவுடனேயே மேலே தோல் கட்டிவிடுகிறது. நெடுநாள் கெடாமல் வைத்துக்கொள்ள வழி என்ன?

பதில்: பாலின் மேல் ஆடை படிவதைப் போலத் தெரிந்தாலும் இதன் காரணம் வேறு. மரத்தின் மேல் நடக்க வேண்டிய வேலை டப்பாவுக்குள்ளேயே நடக்கத் தொடங்கிவிட்டது. மேலே தேங்கிய காற்றிலுள்ள ஆக்சிஜனை எண்ணெய் எடுத்துக்கொண்டு இறுகுகிறது. எனவே எண்ணெய்க்கும் மூடிக்கும் நடுவில் காற்று இல்லாமல் செய்வதுதான் சேமிப்பின் முழு ரகசியமும்.

பெரிய டப்பாவை வாங்கிய அன்றே சிறு சிறு கண்ணாடிக் குப்பிகளில் கழுத்து வரை நிரப்பி வைத்துவிட்டால், ஒன்றைத் திறக்கும்போது மற்றவை பாதிக்கப்படாது. குப்பி குறையக் குறையக் கழுவி உலர்த்திய கோலிக்குண்டுகளை உள்ளே போட்டு எண்ணெய் மட்டத்தை மீண்டும் கழுத்துக்கு ஏற்றிவிடலாம். அமுக்கினால் நசுங்கும் கெட்டியான பிளாஸ்டிக் குப்பியில் வெறும் எண்ணெயை வைத்திருப்பவர்கள், காற்று வெளியேறும் வரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மூடியை இறுக்கலாம். டர்பன்டைன் கலந்ததற்கு இந்த வழி உதவாது. அது பல வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், தெர்மாகோலைக் கரைத்தேவிடும். அதற்குக் கண்ணாடியும் தகரமும்தான் சரி.

வெளிச்சமும் சூடும் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தும் என்பதால் நிறக் குப்பியும் குளிர்ந்த இருட்டான அலமாரியும் நல்லது. ஊற்றிய பிறகு குப்பியின் வாயையும் மரையையும் துடைக்காமல் விட்டால், அங்கே ஒட்டிய எண்ணெய் இறுகி மூடியைத் திறக்க முடியாதபடி செய்துவிடும். மரையில் சிறிது வாசலின் தடவி வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தேவையான எண்ணெயைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி வேலை செய்யுங்கள். மிஞ்சியதைக் குப்பிக்குத் திருப்பி ஊற்ற வேண்டாம். காற்றுபட்ட எண்ணெயும் உப்புத்தாள் தூசியும் நல்ல எண்ணெயையும் கெடுக்கும்.

தோல் கட்டிவிட்டால் எண்ணெய் முழுவதும் வீணாகிவிட்டது என்று பொருளில்லை. தோலைக் கிளறி உடைக்காமல், ஓரத்தைச் சுற்றிலும் கத்தியால் அறுத்து முழுதாக எடுத்துவிட்டு, கீழே உள்ளதை மெல்லிய நைலான் துணியில் வடிகட்டுங்கள். தண்ணீராக ஓடினால் பயன்படுத்தலாம். தேன் பதத்துக்குக் கெட்டியாகியிருந்தால் நல்ல சாமானில் பூச வேண்டாம்.

பசைகளில், ஆளிவிதை எண்ணெயில் செய்ததைச் சில மாதங்களுக்குத் தேவையான அளவே செய்து வைத்துக்கொள்ளுங்கள்; அதன் மேற்பரப்போடு ஒட்டும்படி ஒரு பிளாஸ்டிக் தாளை அழுத்திவிட்டு மூடினால் தோல் கட்டுவது குறையும். தேன்மெழுகும் டர்பன்டைனும் மட்டும் உள்ள பாலீஷ் கெடுவதில்லை. டர்பன்டைன் ஆவியாகி இறுகினால் சிறிது ஊற்றி ஊறவைத்தால் போதும்.

எந்தக் குப்பியானாலும் உள்ளே என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் செய்தது என்று எழுதி ஒட்டுங்கள். குடிநீர்ப் பாட்டிலில் இவற்றை ஊற்றி வைப்பது அடியோடு தவிர்க்க வேண்டிய பழக்கம். தெளிந்த டர்பன்டைனைக் கண்ணால் பார்த்துத் தண்ணீரிலிருந்து வேறுபடுத்த முடியாது.

கேள்வி: எண்ணெய் துடைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும் என்று ஒருவர் எச்சரித்தார். அது மிகைப்படுத்தல்தானே?

பதில்: மிகையே இல்லை. எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. மரப் பரப்பில் அந்த வெப்பம் உடனுக்குடன் காற்றில் கலைந்துவிடும். துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் எறிந்தாலோ, இழை இழையாகப் பரவியிருக்கும் எண்ணெய்க்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் வெப்பம் வெளியேற வழியிருக்காது. சூடு கூடக் கூட வினையும் வேகமெடுத்து மேலும் சூட்டைத் தரும். இவ்வாறு ஏறிச் சில மணி நேரத்தில் துணி புகைந்து, தீப்பொறி ஏதுமின்றியே பற்றிக்கொள்ளும். கசக்கி வைத்த துணியைக் கையால் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பதை உணர்ந்தவர்கள் இருப்பார்கள். அது அந்த ஏற்றத்தின் தொடக்கம்.

1991-ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் பற்றியெரிந்தது. மரப் பலகைகளைப் புதுப்பிக்கும் வேலைக்குப் பின் 22-ஆம் மாடியில் விட்டுவைக்கப்பட்ட ஆளிவிதை எண்ணெய்த் துணிகளில்தான் அந்தத் தீ தொடங்கியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். தானியங்கி நீர்த் தெளிப்பான்கள் பொருத்தப்பட்டிருந்த 30-ஆம் மாடியில்தான் தீ நின்றது.

இதைத் தவிர்ப்பது மிக எளிது. துணியை விரித்து, மடிப்பில்லாமல் ஒற்றைப் படலமாகத் திறந்த வெளியில், எரியக்கூடிய பொருள் எதன் மேலும் படாமல் போட்டுவிடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போடக் கூடாது. மொடமொடப்பாகக் காய்ந்து இறுகிய பிறகு குப்பையில் சேர்க்கலாம். விரிக்க இடமில்லாதவர்கள், மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி, துணியை முழுவதும் அமிழ்த்தி மூடி வைக்க வேண்டும். மெழுகு கலந்த ஆளிவிதைப் பசையைத் துடைத்த துணிக்கும், எண்ணெய் ஊறிய மரத்தூளுக்கும் இதே விதிதான். உலோக உப்பு சேர்த்த எண்ணெயில் ஆபத்து இன்னும் விரைவாக வரும்.

கேள்வி: ஆளிவிதை எண்ணெய் பூசி இரண்டு வாரமாகியும் அலமாரி பிசுபிசுவென்று இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தடிப்பாகப் பூசி, மிச்சத்தைத் துடைக்காமல் விட்டிருப்பீர்கள். மேல்தோல் முதலில் இறுகி, அடியிலுள்ள எண்ணெய்க்குக் காற்று போகாமல் அடைத்துவிட்டது. டர்பன்டைன் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் மெல்லிய எஃகுப் பஞ்சை டர்பன்டைனில் தோய்த்துத் தேய்க்கலாம். ஆனால் ஓக் போன்ற துவர்ப்புச் சத்து மிகுந்த மரங்களில் பஞ்சிலிருந்து உதிரும் இரும்புத் துகள் ஈரம் பட்டுக் கரும்புள்ளிகளாகிவிடும். அவற்றுக்கு நைலான் தேய்ப்பான் போதும்.

அடுத்த முறை துணியால் மெல்லியதாகப் பூசி, மரம் குடிக்கும் வரை 15 முதல் 20 நிமிடம் பொறுத்து, மேலே தங்கியது அனைத்தையும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். கையால் தடவினால் ஈரம் ஒட்டக் கூடாது. அது காய்ந்த பின்பே அடுத்த பூச்சு. ஈட்டி மரக் குடும்பத்தைச் சேர்ந்த மரங்களில் உள்ள இயற்கைச் சத்துகள் எண்ணெயைக் காயவிடாமல் தடுக்கும் என்பதால், பூசுவதற்குச் சற்று முன் கரைப்பானால் துடைத்தும் பயனில்லையென்றால் அவற்றுக்கு வெறும் மெழுகே மேல்.

கேள்வி: காய்கறி நறுக்கும் பலகைக்கும் குழந்தையின் மர பொம்மைக்கும் எது பாதுகாப்பானது?

பதில்: பலகைக்கு, பெட்ரோலியத்திலிருந்து சுத்திகரித்து எடுக்கும் உணவுத் தரத்திலான கனிம எண்ணெயும் தேன்மெழுகும் கலந்த பசையே எளிதான வழி. கனிம எண்ணெய் காய்வதில்லை. காறுவதும் இல்லை, பசையும் ஆண்டுக்கணக்கில் கெடாது. கழுவக் கழுவப் போய்விடும் என்பதால் அவ்வப்போது மீண்டும் தடவ வேண்டும். பொம்மைக்கு உலோக உப்பு சேராத பச்சை ஆளிவிதை எண்ணெயைப் பூசி, வாடை முற்றிலும் நீங்கும் வரை சில வாரங்கள் காயவிட்டுக் கொடுக்கலாம். வால்நட் எண்ணெயை, கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் புழங்கும் எந்தப் பொருளுக்கும் பூச வேண்டாம்.

கேள்வி: எடுத்து வைத்த தேன்மெழுகுக் கட்டியின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. பூஞ்சையா?

பதில்: இல்லை. குளிர்ந்த இடத்தில் வைத்த தேன்மெழுகின் மேல் அப்படிப் படிவது இயல்பு. லேசாகச் சூடு காட்டினாலோ துணியால் தேய்த்தாலோ மறைந்துவிடும்.

கேள்வி: வார்னிஷ், எண்ணெய், கரைப்பான் மூன்றையும் சம அளவில் கலக்கும் முறை ஒன்றைக் கேள்விப்பட்டேன். அதைத் தயாரித்துச் சேமிக்கலாமா?

பதில்: அமெரிக்க மரச்சாமான் கலைஞர் சாம் மலூஃப் (1916–2009) கையாண்ட முறையோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் கலவை இது. வார்னிஷிலுள்ள பிசின் படலத்துக்குக் கடினம் தருவதால் எண்ணெயை மட்டும் பூசுவதைவிட உழைக்கும். வார்னிஷில் ஏற்கெனவே உலர்த்தும் உப்புகள் இருக்கும் என்பதால் கலவை சீக்கிரம் தோல் கட்டும். வேலைக்குத் தேவையான அளவே கலந்துகொள்ளுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: முன்பு மெழுகு போட்ட சாமானில் இது ஒட்டாது. மெழுகைக் கரைப்பானால், துணியை மாற்றி மாற்றிப் பலமுறை துடைத்தெடுத்து, மெழுகு நீக்கிய அரக்குப் பூச்சு ஒன்றை இடையில் கொடுத்த பிறகே மேற்கொண்டு பூச முடியும்.

கேள்வி: கெட்டியாகிப்போன பழைய எண்ணெயை எப்படி அப்புறப்படுத்துவது?

பதில்: சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள்ளேயே இறுகி அடைத்துவிடும். மரத்தூளில் ஊறவைத்து எறிவதும் கூடாது. காரணம் துணியைப் பற்றிய பதிலிலேயே இருக்கிறது. சிறிதளவு என்றால் வேண்டாத பலகை மேல் மெல்லியதாகப் பூசித் திறந்த வெளியில் இறுகவிட்டு எறியலாம். அதிகமாக இருந்தால் மூடிய டப்பாவில் பெயர் எழுதி, அபாயக் கழிவுகளைத் தனியாக வாங்கிக்கொள்ளும் இடத்தில் ஒப்படைப்பதே முறை.